பேசியவர் பட்டியல்

“கண்ணை மட்டும் விட்டுட்டு தோலை உரிச்சிருங்க டீச்சர்.” ஒன்றாம் வகுப்பில் பிள்ளையைச் சேர்க்க வரும் பெற்றோர் இன்னமும் இதைச் சொல்கிறார்கள். பாதி வேடிக்கை, பாதி நிஜம். அடிக்கக் கூடாது, மனம் நோகடிக்கக் கூடாது என்கிறது 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு. சரி, வகுப்பே சேர்ந்து கத்தும்போது வேறென்ன செய்வது? அதை நாங்கள்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

எங்களுடையது ஈராசிரியர் பள்ளி. தலைமை ஆசிரியர் கூட்டத்துக்குப் போய்விட்டால் ஐந்து வகுப்பும் என் தலையில். இந்த மாதிரி நேரத்துக்கென்றே ஒரு பழைய வழி உண்டு: லீடர் கையில் சாக்பீஸைக் கொடுத்து, பேசுகிறவர் பெயரைப் பலகையில் எழுதச் சொல்வது. எனக்கு அதில் என்றைக்குமே நம்பிக்கை இருந்ததில்லை. லீடரின் கூட்டாளி பெயர் பலகையில் ஏறாது. அவனோடு சண்டை போட்டவன் வாயைத் திறக்காமலே ஏறிவிடுவான். பெயருக்குப் பக்கத்தில் நாலைந்து இன்டு வேறு விழும். சில வாலுகளுக்கோ பெயர் ஏறுவதே பெருமை.

அதே இடத்தில் இப்போது யார் யாருக்கு உதவினார்கள் என்று எழுதுகிறோம். பார்த்தவர் வந்து சொல்ல வேண்டும், தன் பெயரைத் தானே சொல்லக் கூடாது. ‘நல்ல பையன்’ என்று மொட்டையாக எழுதுவதில்லை. ‘பென்சில் சீவலைக் கூட்டி அள்ளினான்’ என்று நடந்ததை எழுதினால்தான், தானும் என்ன செய்யலாம் என்று அடுத்த பிள்ளைக்குப் புரிகிறது.

ஸ்டார் ஸ்டிக்கரை நான் அளவோடுதான் எடுப்பேன். படம் வரைவதில் ஆசையுள்ள மழலையர் பள்ளிக் குழந்தைகளை வைத்து அமெரிக்காவில் உளவியலாளர் மார்க் லெப்பரும் கூட்டாளிகளும் செய்த ஆய்வு 1973இல் வெளிவந்தது. வரைந்தால் சான்றிதழ் உண்டு என்று முன்கூட்டியே சொல்லப்பட்ட குழந்தைகள், பிறகு தாமாக வரையும் நேரம் குறைந்துபோனது. எங்கள் பிள்ளைகள் இதை ஆய்வு இல்லாமலே காட்டிவிடுவார்கள். குப்பையை எடுக்கச் சொன்னால், “ஸ்டார் உண்டா டீச்சர்?”

பெரிய தலைவலி காலை உணவு வரிசைதான். 2023 ஆகஸ்டில் காலை உணவுத் திட்டம் தமிழ்நாடு முழுக்க அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கு வந்த பிறகு, பிள்ளைகள் நேரத்துக்கு வருகிறார்கள், பசியில் சிணுங்குவதும் குறைந்தது. காலையில் பாதிச் சேட்டைக்குக் காரணம் வெறும் வயிறுதான் என்று அப்போதுதான் தெரிந்தது. ஆனால் வரிசையில் தள்ளுமுள்ளு. அதிலும் பொங்கல் போடும் நாளில் கேட்கவே வேண்டாம். மூன்றாம் வகுப்புப் பையன் ஒருவன் முழங்கையால் இடித்துக்கொண்டே முன்னால் போய்விடுவான். அவனைக் கடைசியில் நிறுத்தினால் கடைசியிலிருந்து தள்ளுவான். தட்டு எடுத்துக் கொடுக்கும் வேலையை அவனிடமே விட்டேன். முதல் நாள் இரண்டு பேருக்குத் தட்டே கொடுக்கவில்லை, பழைய பகை. “எல்லாருக்கும் கொடுத்த பிறகுதான் உன் தட்டு” என்றதும் வழிக்கு வந்தான். ஒன்றாம் வகுப்புக் குட்டிகளுக்குத் தட்டைத் துடைத்துக் கொடுக்க வேண்டும் என்று நான் சொல்லவே இல்லை, அது அவனாகச் செய்தது. இடிப்பது ஒரேயடியாக நின்றுவிடவில்லை. விளையாட்டு நேரத்தில் இன்னும் உண்டு.

இதைச் சொல்ல அவன் அம்மாவுக்குப் போன் போட்டேன். எடுத்தவுடனே, “என்ன பண்ணித் தொலைச்சான் டீச்சர்?” என்றார். விவரம் சொன்னேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை. அப்புறம், “இங்க குடிச்ச டம்ளரைக்கூட எடுத்து வைக்க மாட்டானே! அங்க எப்படி டீச்சர் செய்ய வெச்சீங்க?” என்று கேட்டார்.