பத்து இயந்திரங்களும் ஒரே அடையாளமும்

உப்புவெளியில் மாலை வேளைகளில் நான் நடத்தும் சிறிய கணினி வகுப்புக்கு, பிள்ளைகள் பழுதாக்கினாலும் உடனே புதிதாகக் கொடுக்கக்கூடிய பத்து லினக்ஸ் இயந்திரங்கள் தேவைப்பட்டன. லினக்ஸின் ஒரு வகையான உபுண்டுவை ஒரு மெய்நிகர் இயந்திரத்தில் (கணினிக்குள் மென்பொருளாக ஓடும் கணினியில்) கையால் நிறுவி, அதன் வட்டுக் கோப்பை ஒன்பது தடவை பிரதியெடுத்தேன். எல்லாவற்றையும் ஒன்றாக இயக்கியபோது அவை ஒரே ஐ.பி. முகவரிக்கு அடிபட்டன. பாவம், ரவுட்டரைத்தான் முதலில் சந்தேகித்தேன். வலையட்டை முகவரிகள் வேறுபட்டிருந்தாலும், ஐ.பி. முகவரி கேட்கும் டி.எச்.சி.பி. கோரிக்கையில் உபுண்டு அனுப்பும் அடையாளம், ஒவ்வோர் இயந்திரத்துக்கும் தனியாக இருக்கவேண்டிய 'மெஷின்-ஐடி' கோப்பிலிருந்து உருவாகிறது. அந்தக் கோப்பையும் நான் பிரதியெடுத்திருந்தேன்.

அதன் பிறகே, இயந்திரப் படிமங்களை, அதாவது நிறுவி முடித்த வட்டுக் கோப்புகளை, தானே உருவாக்கும் கருவியான பாக்கரிடம் (ஹாஷிகார்ப் நிறுவனம் 2013 இல் வெளியிட்டது) இந்த வேலையை ஒப்படைத்தேன். எந்தச் செருகுநிரல் (துணை மென்பொருள்), எந்தப் பதிப்பு என்பதை வார்ப்புரு என்னும் அமைப்புக் கோப்பில் எழுதி 'பாக்கர் இனிட்' கட்டளையை இட்டால் அது தானே இறக்கிக்கொள்ளும். மெய்நிகர் இயந்திரங்களை இயக்கும் கியூஎமுவுக்கென நான் பயன்படுத்தும் செருகுநிரல் வெற்று வட்டொன்றை உருவாக்கி, நிறுவல் ஐ.எஸ்.ஓ. கோப்பிலிருந்து இயந்திரத்தைத் தொடக்கி, திரையையும் விசைப்பலகையையும் தொலைவிலிருந்து கையாளும் வி.என்.சி. வழியாகத் தொடக்கக் கட்டளையை எழுத்தெழுத்தாகத் தட்டச்சு செய்கிறது. நிறுவிக்குரிய விடைகள் அடங்கிய யாமல் கோப்பை, பாக்கர் அந்த நேரத்துக்கென்றே நடத்தும் சிறு எச்.ரி.ரி.பி. வழங்கி கொடுக்கிறது. மாரிகால மின்வெட்டு இடையில் வந்தால் எல்லாம் முதலிலிருந்துதான், ஐ.எஸ்.ஓ. தேக்ககத்தில் இருப்பதால் மீண்டும் இறக்க வேண்டியதில்லை என்பதே ஆறுதல்.

என்னை இரண்டு இரவுகள் அலைக்கழித்தது, நிறுவிய இயந்திரத்துக்குள் பாக்கர் வலை வழியாக நுழையப் பயன்படுத்தும் எஸ்.எஸ்.எச். தான். பாக்கர் அந்த இணைப்புக்காக இயல்பாக ஐந்து நிமிடம் மட்டுமே காத்திருக்கும் என்பதால் அதை நாற்பதாக்கினேன். அப்படியும் தோற்றது. உபுண்டுவின் நிறுவியே தனக்கென ஓர் எஸ்.எஸ்.எச். சேவையை இயக்குவதால், பாக்கர் அதை நிறுவி முடிந்த இயந்திரமென நம்பிக் கதவைத் தட்டி, கடவுச்சொல் மறுக்கப்பட்டுப் பத்தாவது முயற்சியில் கைவிட்டது. நிறுவலின் முதற் கட்டளையாக அந்தச் சேவையை நிறுத்தியபின் சிக்கல் தீர்ந்தது.

இறுதியில் ஓடும் ஷெல் நிரலைத்தான் நான் மிகக் கவனமாக எழுதினேன். அது எஸ்.எஸ்.எச். சாவிகளை அழித்து, முதல் தொடக்கத்தில் இயந்திரத்தை அமைக்கும் கிளவுட்-இனிட்டின் தடயங்களைத் துடைத்து, 'மெஷின்-ஐடி' கோப்பை வெறுமையாக்குகிறது. அந்தக் கோப்பை நீக்கிவிடாமல் வெறுமையாக விட்டால், அடுத்த தொடக்கத்தில், சேவைகளைத் தொடக்கும் சிஸ்டம்டி புதிய அடையாளத்தை எழுதிக்கொள்ளும்.

இப்போது பிள்ளைகளின் பத்து வட்டுகளும் இந்த ஒரே படிமத்தின்மேல் அமர்ந்த மெல்லிய அடுக்குகளே. பழுதானால் அடுக்கை மட்டும் அழித்துப் புதிதாக இடுகிறேன். அடியிலுள்ள படிமத்தை மாற்றினால் மேலுள்ளவை அனைத்தும் குழம்பிவிடும் என்பதால், ஒவ்வொரு படிமத்தின் பெயரிலும் அது உருவான திகதியைச் சேர்த்து வைக்கிறேன்.