ரவுட் ரிஃப்ளெக்டருக்கு மாறியபோது நாங்கள் பட்ட பாடு

நாற்பதாவது ரவுட்டரைச் சேர்த்த அன்று, ஏற்கெனவே இருந்த 39 ரவுட்டர்களிலும் ஒவ்வொன்றாக நுழைந்து புதிய ஐபிஜிபி அண்டையை (பிஜிபி என்பது ரவுட்டர்கள் பாதைகளைப் பகிரும் முறை, ஒரே வலையமைப்புக்குள் அதன் பெயர் ஐபிஜிபி; அப்படிப் பகிரும் மறு ரவுட்டரே அண்டை) பதிவு செய்தோம். அவற்றில் ஒன்றை மறந்துவிட்டதால், ஒரு கிளைக்குச் சில முகவரிகள் மட்டும் எட்டாமல் போயின. காரணத்தைக் கண்டுபிடிக்க ஒரு நாள் பிடித்தது. ஐபிஜிபி வழி வந்த பாதையை இன்னொரு ஐபிஜிபி அண்டைக்குச் சொல்லக் கூடாது என்பது விதி. அதனால் எல்லோரும் எல்லோருடனும் பேசியாக வேண்டும். நாற்பது ரவுட்டர் என்றால் 780 இணைப்புகள்.

எங்கள் முன் இரண்டு வழிகள் இருந்தன. வலையமைப்பைச் சிறு உள் பகுதிகளாகப் பிரிக்கும் கான்ஃபெடரேஷனைப் பற்றி இரண்டு வாரம் வரைபடம் போட்டது வீண்: ஒவ்வொரு ரவுட்டரிலும் பிஜிபி அமைப்பைக் கலைத்து உள் ஏஎஸ் எண்ணுடன் (அந்தந்தப் பகுதியை அடையாளம் காட்டும் எண்) திரும்ப எழுத வேண்டும் என்பதால், ஓடிக்கொண்டிருக்கும் வலையமைப்பில் அதற்கு யாரும் ஒப்புதல் தர மாட்டார்கள். இரண்டு நிறுவனங்கள் இணையும்போது அது பொருந்தலாம். நாங்கள் ஆர்எஃப்சி 4456 என்ற இணையத் தர ஆவணம் சொல்லும் ரவுட் ரிஃப்ளெக்டர் முறையையே தேர்ந்தோம்: ஒரு சில ரவுட்டர்கள் மட்டும் பாதைகளை வாங்கி மற்றவற்றுக்குத் திருப்பிச் சொல்லும்.

சென்னையில் இருந்த இரண்டு ரவுட்டர்களை ரிஃப்ளெக்டர்களாக்கி, இரண்டுக்கும் ஒரே கிளஸ்டர் ஐடி (பாதை சுற்றிச் சுற்றி வராமல் தடுக்க ரிஃப்ளெக்டர் அதில் பதிக்கும் எண்) கொடுத்தோம். அதுதான் முதல் தவறு. மதுரை ரவுட்டரில் முதல் ரிஃப்ளெக்டருக்கான கடவுச்சொல்லில் சுழியத்துக்குப் பதில் ஆங்கில 'ஓ' விழுந்திருந்தது. கோவையில் இரண்டாவது ரிஃப்ளெக்டரைச் சேர்க்கவே விட்டுப்போயிற்று. மதுரையின் பாதைகளை இரண்டாவது ரிஃப்ளெக்டர் முதலாவதற்கு அனுப்ப, அது கிளஸ்டர் பட்டியலில் தன் எண்ணையே கண்டு அவற்றைத் தூக்கி எறிந்தது. கோவைக்கு மதுரை தெரியவே இல்லை. திரையில் 'ஆக்டிவ்' என்று இருந்ததைப் பார்த்து இணைப்பு நலமாக இருப்பதாக நம்பியவர்களில் நானும் ஒருவன். பிஜிபியில் ஆக்டிவ் என்றால் இன்னும் முயன்றுகொண்டிருக்கிறது என்றே பொருள். உபகரணம் விற்ற நிறுவனத்தின் உதவி மையம் அதே பதிவுக் கோப்பை மூன்று முறை கேட்டதே தவிர, கிளஸ்டர் ஐடியைப் பற்றி வாய் திறக்கவில்லை. ரிஃப்ளெக்டர்களுக்குத் தனித்தனி ஐடி கொடுங்கள். நினைவகம் சற்றுக் கூடுதலாகச் செலவானாலும் பரவாயில்லை.

இரண்டாவது சிக்கல் சத்தமின்றி வந்தது. ஜெய்ப்பூர் வாடிக்கையாளர் ஒருவர் வேகம் குறைந்ததாகப் புகார் செய்ய, ட்ரேஸ்ரவுட் (தரவு போகும் வழியைக் காட்டும் கட்டளை) போட்டுப் பார்த்தால், பக்கத்திலிருக்கும் டெல்லி வழியாக வெளியேற வேண்டிய போக்குவரத்து சென்னை வரை வந்து வெளியேறிக்கொண்டிருந்தது. ரிஃப்ளெக்டர் தான் நிற்கும் இடத்திலிருந்து அருகிலுள்ள வாயிலையே சிறந்த பாதையாகத் தேர்ந்து, அந்த ஒன்றை மட்டுமே எல்லோருக்கும் சொல்கிறது. பல பாதைகளை அனுப்பும் ஆட்-பாத் வசதி எங்கள் பழைய மென்பொருளில் இல்லை. ஆகவே டெல்லியில் மூன்றாவது ரிஃப்ளெக்டரை வைத்து, வடக்குக் கிளைகளுக்கு அதையும் சென்னையில் ஒன்றையும் கொடுத்தோம். இரு பாதைகளும் கைக்கு வந்ததும் ஜெய்ப்பூர் ரவுட்டர் ஓஎஸ்பிஎஃப் (வலையமைப்பின் உள் வழிகளைக் கணக்கிடும் முறை) காட்டும் வழிச் செலவைப் பார்த்து டெல்லியைத் தேர்ந்துகொண்டது.

மாற்றம் முடிந்தபோது மூன்று ரிஃப்ளெக்டர்களுக்கிடையே 3, மற்ற 37 ரவுட்டர்களுக்குத் தலா 2 என மொத்தம் 77 இணைப்புகள் இருந்தன. சென்ற மாதம் 41-ஆவது ரவுட்டர் வந்தபோது, அதற்காக இரண்டே இரண்டு பழைய ரவுட்டர்களில்தான் கை வைத்தோம். கடவுச்சொல்லை மட்டும் இருவர் சேர்ந்து வாசித்துச் சரிபார்த்தோம்.