மனைவிக்கு வேலை இருந்தால் எனக்கு ஜேஎஸ்ஏ (வேலை தேடுவோர் உதவிப்பணம்) இல்லையா? (லண்டன் ஹரோ நாட்குறிப்பு)

2025 செப்டம்பர் 8, திங்கள்

நான் வேலை செய்த களஞ்சியத்தை மூடப்போகிறார்கள் என்ற கதை கோடையிலேயே அடிபட்டது. போன வெள்ளியோடு உண்மையாகிவிட்டது. வேலை முடிந்ததைக் காட்டும் பி45 கடுதாசியைக் கையில் தந்துவிட்டார்கள், ஆட்குறைப்புக்கான ரிடண்டன்சிக் காசு மாத முடிவில் வருமாம்.

பின்னேரம் பெரியம்மாவின் மகன் போன் எடுத்தார். “அவ வேலைக்குப் போறாதானே, உனக்கு ஒரு சதமும் தராங்கள். ஜொப் சென்டருக்குப் போய் மினக்கெடாதை.” ஜொப் சென்டர் என்பது இங்கே அரச வேலைவாய்ப்பு அலுவலகம். லண்டன் தமிழர் வீடுகளில் இந்தப் பேச்சு வேதவாக்கு மாதிரி. பாதி உண்மைதான். ஆனால் வேலை போன கையோடு இருக்கும் ஒருவனுக்குத் தேவைப்படுவது மற்றப் பாதி.

செப்டம்பர் 9, செவ்வாய்

இரவிரவாக இருந்து வாசித்தேன். இரண்டு உதவிகள், அடியோடு வேறு. யூனிவர்சல் கிரெடிட் வீட்டைப் பார்த்து, அதாவது சோடியின் வருமானம், சேமிப்பைப் பார்த்துத் தருவது. நியூ ஸ்டைல் ஜேஎஸ்ஏ ஆளைப் பார்த்துத் தருவது, அதாவது நான் கட்டிய தேசியக் காப்புறுதிக்கு, நம் வழக்கில் என்ஐக்கு, வருவது. இதில் மனைவியின் சம்பளம் கணக்கில்லை, வங்கியில் எவ்வளவு கிடக்கிறது என்பதும் கணக்கில்லை. 2025-26 கணக்கில் 25 வயதோ அதற்கு மேலோ என்றால் கிழமைக்கு 92.05 பவுண், கூடியது 182 நாள். அதற்கு வருமான வரியும் உண்டு. ஓய்வூதியம் கிழமைக்கு 50 பவுணைத் தாண்டி வந்தால்தான் வெட்டுவார்கள். எனக்கு அந்த வயது இன்னும் வரவில்லை.

என்ஐக்குப் பார்ப்பது எந்த ஆண்டுகளை? 2025இல் விண்ணப்பிப்பவருக்கு 2022-23, 2023-24 வரி ஆண்டுகள். இரண்டிலும் நான் பேசிலிப்போடு, அதாவது சம்பளத்தில் என்ஐ வெட்டி, வேலை செய்தவன். மினிகாப் ஓடும் சிநேகிதனுக்கு இது சரிவராது. சுயதொழில்காரர் கட்டும் என்ஐ இதற்குச் செல்லாது.

செப்டம்பர் 12, வெள்ளி

ஒன்லைனில் ஜேஎஸ்ஏக்கு விண்ணப்பம் போட்டாயிற்று. அப்புறம் மனைவி, “மற்றதையும் ஒருக்கா பாருங்கோவன், பிள்ளையள் ரெண்டு இருக்கு” என்றாள். சரி, கடுதாசியும் பேனையுமாக இருவரும் குசினி மேசையில் உட்கார்ந்தோம்.

யூனிவர்சல் கிரெடிட்டில் ஒரே வீட்டில் வாழும் சோடி சேர்ந்துதான் விண்ணப்பிக்க வேண்டும். கல்யாண எழுத்து இருக்கிறதா என்று கேட்பதில்லை, சோடியாக வாழ்ந்தால் போதும். எங்களைப் போன்ற சோடிக்கு 2025-26 கணக்கில் மாதம் 628.10. மூத்தவன் 2017 ஏப்ரலுக்கு முன் பிறந்தவன், அவனுக்கு 339. சின்னவளுக்கு 292.81. கூட்டினால் 1259.91 பவுண். இதிலிருந்து மனைவியின் சம்பளத்துக்கு வெட்டு. அவள் கைக்கு வருவது ஏறக்குறைய 1,900. பிள்ளைகள் இருப்பதாலும், வாடகை உதவி கேட்காததாலும் (வீடு மோர்ட்கேஜில், அதாவது வங்கிக் கடனில்) முதல் 684ஐத் தொடமாட்டார்கள். மிச்சம் 1,216. அதில் பவுணுக்கு 55 பென்ஸ் வீதம் 668.80 போகும். ஆக 591 பவுண் வரவேண்டும். மனைவிக்கு வேலை இருந்தால் ஒன்றுமில்லை என்ற கதை இங்கேகூட முழுசாகச் சரியில்லை. ஜேஎஸ்ஏயும் எடுத்தால் அந்தத் தொகை இதிலிருந்து அப்படியே கழியும், இரட்டைக் காசு கிடையாது.

ஆனால் எங்களுக்கு இந்த 591ம் இல்லை. காரணம் அவளுடைய சம்பளம் அல்ல, சேமிப்பு. இருவருடையதையும் கூட்டி 16,000 பவுணுக்கு மேல் போனால் கதவு மூடு. ரிடண்டன்சிக் காசு வந்ததும் நாங்கள் அதைத் தாண்டுவோம். அதைவிட, சாவகச்சேரியில் அவளுடைய சீதனக் காணி கிடக்கிறது. வெளிநாட்டுச் சொத்தும் கணக்கில் சேரும். “அது அம்மா தந்ததெல்லோ” என்றாள். யார் தந்தது என்பதை அந்தச் சட்டம் பார்ப்பதில்லை.

செப்டம்பர் 18, வியாழன்

ஜொப் சென்டரில் நேர்காணல். வேலை தேட வழிகாட்டும் வேர்க் கோச் ஒரு இளம்பிள்ளை, கணினியில் ஒரு கண், என்னில் ஒரு கண். கிழமைக்கு எத்தனை மணித்தியாலம் வேலை தேடுவேன், எவ்வளவு தூரம் போவேன், போர்க்லிப்ட் லைசென்ஸ் இருக்கிறதா என்பதெல்லாம் கேட்டாள். மனைவியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. தேடும் கடமைகளை எழுதிய ஒப்பந்தத்தை ஏற்றுக்கொண்டேன். அதை மீறினால் காசை நிறுத்துவார்கள், அதில் விளையாட்டில்லை. நானாக வேலையை விட்டிருந்தாலும் சிக்கல்தான்.

செப்டம்பர் 21, ஞாயிறு

மழை. நூலகத்தில் எடுத்த பழைய பிரித்தானியச் சமூக வரலாறு ஒன்றில் தலையைக் கொடுத்திருந்தேன். 1931இல் இந்த நாட்டில் வேலையில்லாதோர் காப்புறுதிக் காசு 26 கிழமையோடு நிற்கும் என்று வைத்தார்கள். அதற்குப் பிறகு கேட்பவனுக்கு வீட்டுக் கணக்கு முழுவதும் எடுக்கப்பட்டது. வேலை செய்யும் மகன் மகளின் கூலியையும் சேர்த்தார்கள், அதனால் பிள்ளைகள் வீட்டை விட்டு வெளியேறிய கதைகள் ஏராளம். அதே ஆண்டு கல்யாணம் கட்டிய பெண்களுக்குத் தனியே கடுமையான விதி போட்டு, காப்புறுதி கட்டியவர்களையே பட்டியலில் இருந்து வெட்டினார்கள். இன்றைய 182 நாளும் அதே 26 கிழமை. வளர்ந்த பிள்ளைகளின் கூலியை யூனிவர்சல் கிரெடிட் வருமானமாகச் சேர்ப்பதில்லை, சோடியோடு நிறுத்திக்கொள்கிறது. இவ்வளவும் நகர 90 வருடத்துக்கு மேல் பிடித்திருக்கிறது.

செப்டம்பர் 30, செவ்வாய்

பின்வீட்டுத் தம்பியின் மனைவிக்குப் பராமரிப்பு இல்லத்தில் வேலை போய்விட்டது. ஸ்பௌஸ் விசா, அதாவது வாழ்க்கைத்துணை விசா. ‘பப்ளிக் பண்ட்ஸ் (அரச உதவிப்பணம்) எடுக்கக்கூடாது’ என்று விசாவில் இருப்பதால் பயந்து ஒன்றும் கேட்கவில்லையாம். யூனிவர்சல் கிரெடிட் அந்தப் பட்டியலில் இருக்கிறது, அதைத் தொடக்கூடாது. கட்டிய என்ஐக்கு வரும் ஜேஎஸ்ஏ அதில் இல்லை. “அண்ணை, வடிவாத் தெரியுமோ?” என்று இரண்டு தரம் கேட்டான். இலவசமாக ஆலோசனை தரும் சிட்டிசன்ஸ் அட்வைஸுக்குப் போய் அவர்கள் வாயாலேயே கேட்கச் சொன்னேன். விசா விஷயத்தில் என் சொல்லை நம்பி ஒருவரும் இறங்கக்கூடாது.

ஒக்டோபர் 7, செவ்வாய்

காசு வந்திருக்கிறது. இரண்டு கிழமைக்கு ஒருமுறை விழும். பெரிய தொகை இல்லை, மோர்ட்கேஜில் ஒரு மூலைக்குக் காணும்.

பெரியம்மாவின் மகனுக்குச் சொன்னேன். சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, தன் மருமகன் கடையில் பாதிச் சம்பளம் கணக்கிலும் பாதி கையிலுமாக வாங்கியவன், அவனுக்கும் வருமோ என்றார். அவனுடைய எச்எம்ஆர்சி (வரித் திணைக்கள) ஆப்பைத் திறந்து என்ஐ பதிவைப் பார்க்கச் சொன்னேன். கையில் வாங்கிய பாதி அங்கே இருக்காது. காசு கிடைக்காவிட்டாலும், வேலை தேடுவதாகப் பதிந்து, கட்டாமலே பதிவில் சேரும் என்ஐ கிரெடிட்டாவது எடுக்கப் பார்க்கட்டும். முழு அரச ஓய்வூதியத்துக்கு 35 வருட என்ஐ வேண்டும், அவனுக்கு இப்போதே முப்பத்தெட்டு வயது.