ரெண்டு ப்ராசசர் போட்டால் ரெண்டு மடங்கு வேகமா?

சர்வரில் ப்ராசசரைக் கூட்டினால் வேகமும் அதே கணக்கில் கூடும் என்று நம் கிருஷ்ணகிரி பசங்க பலர் நினைக்கிறார்கள். கூடாது. 2003 வாக்கில் இன்டெலின் ஜியான் ப்ராசசர் போட்ட சர்வர்களில் எல்லா ப்ராசசரும் ஒரே பஸ், அதாவது தகவல் போகும் ஒரே பொதுப் பாதை வழியாகத்தான் மெமரிக்குப் போகும். நம்ம டோல்கேட்டில் ஒரே கவுண்டரைத் திறந்து வைத்த மாதிரி, கூடக்கூட நெரிசல்தான்.

2003 ஏப்ரலில் இன்டெலின் போட்டி நிறுவனமான ஏஎம்டியின் ஆப்டெரான் ப்ராசசர் வந்தது. மெமரியோடு பேசும் பகுதியான மெமரி கன்ட்ரோலர் ப்ராசசருக்குள்ளேயே! ப்ராசசர்களுக்கு இடையே ஹைப்பர்டிரான்ஸ்போர்ட் என்று தனிப் பாதை. அருமையான வேலை. ஜியான் அதே வழிக்கு வர 2009 ஆகிவிட்டது. அப்புறம் ஏஎம்டி பின்தங்கி, 2017-ல் எபிக் என்ற ப்ராசசரோடு திரும்பி, 2019-ல் ஒரே சாக்கெட்டில் (ஒரு ப்ராசசர் உட்காரும் இடத்தில்) 64 கோர், அதாவது தனித்தனியாகக் கணக்குப் போடும் 64 பகுதிகள் கொடுத்தது. இந்தப் போட்டியால்தான் சிறிய நிறுவனங்களுக்கும் இந்தத் திறன் கைக்கு எட்டியது என்பேன்.

இன்று பல ப்ராசசர் கொண்ட சர்வரின் மூடியைத் திறந்தால் ஒவ்வொரு ப்ராசசருக்கும் இருபுறமும் தனி ரேம் வரிசை இருக்கும். லினக்ஸில் பார்த்தால், பல ஜியான் சர்வர்களில் சொந்த மெமரிக்குத் தூரம் 10, அடுத்த ப்ராசசரின் மெமரிக்கு 21 என்று காட்டும். இது அளவு அல்ல, ஒப்பீட்டு எண்; எண் கூடினால் அந்த மெமரியை எட்ட நேரமும் கூடும். ஓசூர் பக்கம் சர்வர் பார்க்கும் தம்பிகளே, அதனால் ரேமை ஒரே ப்ராசசர் பக்கம் குவிக்காதீர்கள், சமமாகப் பிரித்துப் போடுங்கள்.