‘மிக’வை வெட்டுகிற ஆள்

வெள்ளை மாளிகையைக் களமாகக் கொண்ட ‘தி வெஸ்ட் விங்’ தொலைக்காட்சித் தொடரைப் பார்த்தவர்களிடம், அதில் அதிபருக்குப் பேச்சு எழுதிக் கொடுக்கும் சாம் சீபோர்ன் என்று பெயரைச் சொன்னால் போதும், கார் காட்சிக்குப் போய்விடுவார்கள். 2002இல் வந்த நான்காம் சீசனின் தொடக்கம். ஒரு பல்கலைக்கழக நீச்சல் குளத்தில் குண்டு வெடித்துப் பலர் இறந்துபோகிறார்கள். அன்று இரவு அதிபர் பார்ட்லெட் மேடையில் அவர்களைப் பற்றிப் பேசுகிறார். கூட்டம் அசையாமல் கேட்கிறது. அந்தக் கடைசிப் பகுதியை எப்போது எழுதினாய் என்று மறைவில் நிற்கும் ஒருவர் கேட்க, வரும் வழியில் காரில் எழுதியதாகச் சொல்கிறார் சாம்.

பேச்சு எழுதிக் கொடுப்பவர்களுக்கு இந்தக் காட்சி செய்த கெடுதல் கொஞ்சமல்ல. (உரையாசிரியர் என்று எழுதலாம்தான், ஆனால் தமிழில் அந்த நாற்காலியில் பரிமேலழகர் உட்கார்ந்திருக்கிறார்.) காரில் ஒரு பத்தி எழுத முடியாதா? தாராளமாக முடியும். மேடையில் பார்த்துப் படிக்கும்போது நிமிடத்துக்கு 125 முதல் 150 ஆங்கிலச் சொற்கள் போகும். உருக்கமான இடத்தில் அதைவிடக் குறையும். ஒரு நிமிட முடிவுப் பகுதி என்றால் 120 சொற்கள். கை பழகியவருக்கு அது அரை மணி நேர வேலை. சிக்கல் அதற்குப் பிறகுதான். இறந்தவர்கள் எத்தனை பேர், அந்த எண்ணை உறுதி செய்தது யார்? குடும்பங்களுக்கு முதலில் தகவல் போய்விட்டதா? விசாரணை நடக்கும்போதே, செய்தவன் யாரென்று தெரிந்ததுபோல ஒரு சொல் விழுந்துவிட்டதா? இத்தனைக்கும் பதில் கிடைத்த பிறகு அந்தப் பத்தி, பேசுபவர் பார்த்துப் படிக்க உரையை ஓடவிடும் கண்ணாடியான டெலிபிராம்ப்டரில் ஏற வேண்டும். நேரமில்லையென்றால் தனித் தாளில் பெரிய எழுத்தில் அடித்து, எந்தப் பக்கத்துக்குப் பின் வர வேண்டும் என்று குறித்து, மேடையில் இருக்கும் கட்டுக்குள் கையாலேயே செருக வேண்டும். கார் காட்சியில் இவை எதுவும் கிடையாது. எழுதினார், அதிபர் பேசினார், முடிந்தது.

டெலிபிராம்ப்டரை நம்பித் தாளைக் கைவிடுவது பெரிய ஆபத்து. 1993 செப்டம்பர் 22 அன்று மருத்துவக் காப்பீட்டுச் சீர்திருத்தம் பற்றி அமெரிக்க காங்கிரஸின் கூட்டுக் கூட்டத்தில் பேச எழுந்தார் பில் கிளின்டன். கண்ணாடியில் ஓடியது பிப்ரவரியில் அவர் பேசிய பழைய உரை. சரியான உரை வரும்வரை ஏறத்தாழ ஏழு நிமிடம் அதைக் கண்டுகொள்ளாமல் பேசினார். அதற்கு அவர் கிளின்டனாக இருந்தது ஒரு காரணம், கையில் தாள் இருந்தது இன்னொரு காரணம். அதனால்தான் வாசிப்புப் பிரதியை அவ்வளவு கவனமாகத் தயாரிப்பார்கள். ஒரு வாக்கியம் இரண்டு பக்கங்களில் உடையக் கூடாது. தாளின் மேல் பகுதியில் மட்டுமே எழுத்து இருக்கும், கீழே வெற்றிடம். கடைசி வரி வரை எழுத்து இருந்தால் பேசுபவரின் முகம் கேமராவை விட்டுத் தாழ்ந்துவிடும். கைத்தட்டல் வரும் இடத்தில் பக்கத்தைத் திருப்பும்படி அமைத்தால் தாள் சத்தம் அதில் மறைந்துவிடும். சாம் இப்படி உட்கார்ந்து பக்கம் கட்டுவதைத் தொடரில் காட்ட மாட்டார்கள். அது பார்க்க அழகான வேலை இல்லை.

தொடருக்கு உள்விவரம் சொல்ல ஆள் இல்லாமல் இல்லை. அதிபர் ரீகனுக்கு உரைகள் எழுதிய பெகி நூனன் ஆலோசகராக இருந்தார். துணை அதிபர் அல் கோரின் தலைமை உரை எழுத்தாளராக இருந்து, 2000 டிசம்பர் 13 அன்று கோர் தோல்வியை ஒப்புக்கொண்டு ஆற்றிய உரையை எழுதிக் கொடுத்த ஈலை ஆட்டி, மூன்றாம் சீசனிலிருந்து தொடரின் எழுத்தாளர் அறையிலேயே இருந்தார். அதனால்தான் ராப் லோ நடித்த இந்தப் பாத்திரத்தின் சின்னச் சின்னப் பழக்கங்களில் தொழில் வாசனை அடிக்கிறது. பெரிய சட்ட நிறுவன வேலையை உதறிவிட்டு அரசியலுக்கு வந்த லட்சியவாதி என்று அவரை அறிமுகப்படுத்துகிறார்கள். ஆனால் அந்த லட்சியம் சரியாகத் தெரிவது மேடை உருக்கத்தில் அல்ல, திருத்தத்தில்.

இரண்டாம் சீசனில் செவ்வாய்க் கோளுக்குப் போன ஒரு விண்கலம் பற்றிய எபிசோட் இருக்கிறது. அதிபர் நாடு முழுவதும் உள்ள பள்ளிக் குழந்தைகளோடு தொலைக்காட்சி வழியே பேசப் போகிறார். நாசாவின் மக்கள் தொடர்பு ஆள் முன்னுரை எழுதி வந்திருக்கிறார். அதில் ஒன்றுக்கு மேல் ஒன்றாக மிகைச் சொற்கள். ‘வெரி யூனிக்’ என்ற இடத்தில் சாம் நிற்கிறார். யூனிக் என்றால் வேறு இல்லாத ஒன்றே ஒன்று. அதில் கொஞ்சம், அதிகம், மிக என்று படிநிலை எப்படி வரும்? அதோடு விடவில்லை. நின்ற இடத்திலேயே புதுத் தொடக்கம் சொல்கிறார். பதினொரு மாதங்களுக்கு முன் இத்தனை பவுண்டு எடையுள்ள கலம் ஏவப்பட்டது, பதினெட்டு மணி நேரத்துக்கு முன் தரையிறங்கியது, அது பார்ப்பதை முதலில் பார்க்கப் போவது நீங்களும் நானும், இத்தனை ஆயிரம் மாணவர்களும்.

பெயரடைகள் போன இடத்தில் என்ன வந்தது என்று பாருங்கள்: மாதம், எடை, மணி, ஆட்களின் எண்ணிக்கை. ‘வரலாற்றுச் சிறப்புமிக்க’ என்று சொன்னால் நீங்கள் வியக்க வேண்டும் என்று குழந்தைக்கு உத்தரவு போடுகிறோம். எடையையும் மணியையும் சொன்னால் வியப்பதா வேண்டாமா என்பதை அதனிடமே விட்டுவிடுகிறோம். கேட்பவருக்கு அறிவு இருக்கிறது என்ற நம்பிக்கை இது. சாமின் லட்சியவாதத்தில் உருப்படியான பகுதி இதுதான் என்று தோன்றுகிறது. மற்றதெல்லாம் பின்னணி இசை.

இதற்கு நேர் எதிரான சக்தி, வரைவைப் பலர் பார்வைக்குச் சுற்றுக்கு விடுவது. வெள்ளை மாளிகையில் முக்கியமான உரையின் வரைவு அதிபருக்குப் போகும் தாள்களைக் கையாளும் ஸ்டாஃப் செக்ரெட்டரி அலுவலகம் வழியாகச் சுற்றுக்குப் போகும். சட்ட ஆலோசகர், தேசியப் பாதுகாப்புக் குழு, பட்ஜெட் அலுவலகம், சம்பந்தப்பட்ட துறைகள் என ஒவ்வொருவரும் குறிப்பு எழுதித் திருப்பி அனுப்புவார்கள். ‘எல்லோரும்’ என்பது ‘ஏறக்குறைய எல்லோரும்’ ஆகும். ஒரு திட்டத்தின் பெயர் நுழைந்தால், மற்றத் துறைகளும் தங்கள் திட்டத்துக்கு இடம் கேட்கும். ஆண்டுதோறும் காங்கிரஸில் அதிபர் ஆற்றும் நாட்டு நிலை உரை மளிகைச் சீட்டு மாதிரி நீளுவது இதனால்தான். 1986 ஜனவரி 28 அன்று சேலஞ்சர் விண்வெளி ஓடம் வெடித்தபோது ரீகனுக்காக நூனன் எழுதிய உரை நான்கு நிமிடம்தான். கடவுளின் முகத்தைத் தொடுவது பற்றிய ஒரு கவிதை வரியோடு முடியும். பாதுகாப்புக் குழுவிலிருந்து ஒருவர் அதைத் தொலைபேசி நிறுவன விளம்பர வாசகமாக மாற்றச் சொன்னதை நூனனே பின்னர் எழுதியிருக்கிறார். நல்லவேளை, மாற்றவில்லை.

ஆனால் சுற்றையே குறை சொல்லிவிட முடியாது. 2003 ஜனவரியில் புஷ் ஆற்றிய நாட்டு நிலை உரையில், ஆப்பிரிக்காவிலிருந்து சதாம் யுரேனியம் வாங்க முயன்றதாகப் பதினாறு சொற்களில் ஒரு வாக்கியம் இருந்தது. அது உரையில் இடம்பெற்றிருக்கக் கூடாது என்று ஜூலையில் வெள்ளை மாளிகையே ஒப்புக்கொண்டது. அத்தனை கண்களைத் தாண்டி வந்த வாக்கியம் அது. ஒவ்வொரு கூற்றுக்கும் பக்க ஓரத்தில் ஆதாரம் குறிப்பது சலிப்பான வேலைதான். அதைச் செய்தும் ஒன்று தப்பிவிடும்.

சாமிடம் உள்ள கோளாறும் தொடரில் இருக்கிறது, அது எனக்குப் பிடித்தது. முதல் சீசனில் போக்குவரத்துத் துறையின் உதவிச் செயலர் ஒருவருக்குப் பிறந்தநாள் வாழ்த்து எழுதும் வேலை அவரிடம் வருகிறது. தன் மகளோடு சாம் ஆபெராவுக்குப் போவதைத் தடுக்க, வெள்ளை மாளிகையின் தலைமை அதிகாரி லியோ கொடுத்த வேலை. இரண்டு வரி எழுதி அனுப்ப வேண்டியதை இரவு முழுக்கத் திருத்திக்கொண்டிருக்கிறார் சாம். எந்தத் தாளுக்கு எவ்வளவு உழைப்பு என்று அளக்கத் தெரியாதவர்கள் இந்த வேலையில் சீக்கிரம் தேய்ந்துபோவார்கள். வாழ்த்து, விருந்து வரவேற்பு, கொடியேற்றம், இரங்கல் என்று வாரம் முழுக்க வந்துகொண்டே இருக்கும். பெரும்பாலானவற்றுக்குத் தேவை பெயரின் சரியான உச்சரிப்பும் ஒரு நல்ல வாக்கியமும்தான்.

அந்தச் செவ்வாய் எபிசோடில் விண்கலத்தோடு தொடர்பு அறுந்துபோகிறது. சாம் அவ்வளவு பார்த்துப் பார்த்துக் கட்டிய முன்னுரைக்கு அடியிலிருந்த விஷயமே காணாமல் போகிறது. நிஜத்தில் இதன் தலைகீழ் நடந்தது. 1969 ஜூலை 18, அப்பல்லோ 11 நிலவை நெருங்கிக்கொண்டிருந்தபோது, நிக்சனின் உரை எழுத்தாளர் வில்லியம் சஃபயர் ஒரு குறிப்பை டைப் செய்தார். நிலவில் இறங்கிய இருவரும் திரும்ப முடியாமல் போனால் அதிபர் பேச வேண்டியது அதில் இருந்தது. உரைக்குக் கீழே செய்ய வேண்டியவை. பேசுவதற்கு முன் அதிபர், விதவைகளாகப் போகும் பெண்களுக்குத் தனித்தனியே தொலைபேசியில் பேச வேண்டும். நாசா தொடர்பைத் துண்டிக்கும் நேரத்தில், கடலில் உடலை இறக்கும்போது செய்யும் சடங்கை ஒரு பாதிரியார் செய்ய வேண்டும். கடைசியில் பரமண்டல ஜெபம்.