வெடி வைத்த மீன்

எங்கள் அப்பாரு பெருந்துறைப் பக்கம் கிணறு வெட்டியவர். மிச்சமான வெடித் தோட்டாவை ஒருமுறை பவானி ஆற்றில் போட்டாராம். "மிதந்தது கால்வாசி சாமி, மீதி அடியில போயிருச்சு" என்பார், சிரிக்காமல்.

போன வாரம் சந்தையில் வாங்கிய கடல் மீனை அறுத்தால், முதுகெலும்பு நொறுங்கி, வயிற்றுக்குள் ரத்தம் உறைந்து கிடந்தது. வெடி வைத்துப் பிடித்த மீன் என்று அப்பாரு பார்த்தவுடனே சொல்லியிருப்பார்.

ஆற்றை வெள்ளம் வந்து கழுவிவிடும். மன்னார் வளைகுடாவில் அப்படியில்லை. 1986-லேயே தேசியப் பூங்கா ஆக்கிய 21 தீவுகள், சுற்றிலும் பவளப்பாறை. கட்டிப் பவளம் ஆண்டுக்குச் சுமார் ஒரு சென்டிமீட்டர்தான் வளரும். வெடிக்கு ஒரு நொடி போதும். சுண்ணாம்புக்குப் பவளத்தை வெட்டி வெட்டியே இரண்டு தீவுகள் மூழ்கின.

மீன்காரரிடம் கேட்டேன். "லாரியில வர்றதுக்கெல்லாம் நான் எக்ஸ்ரேயா எடுக்கறது, கண்ணு?"

சரி, குழம்பு வைக்கவில்லை. பூனை தின்றது.