தானாக வந்து சேர்ந்த விலங்கு

வீட்டுப் பூனையின் மூதாதை, வட ஆப்பிரிக்காவிலும் மேற்காசியாவிலும் திரியும் காட்டுப்பூனை இனமே என்பதை 2007-இல் வெளியான மரபணு ஆய்வு காட்டியது. உழவு தொடங்கிய காலத்தில் சேமித்த தானியத்தைத் தேடி எலிகள் வர, எலிகளைத் தேடிப் பூனைகள் வந்தன என்பது நெடுநாளாகச் சொல்லப்படும் கருத்து. சைப்ரஸ் தீவில், ஏறத்தாழ 9,500 ஆண்டுகளுக்கு முந்தைய மனிதப் புதைகுழி ஒன்றின் அருகிலேயே ஒரு பூனையும் புதைக்கப்பட்டிருந்தது. அத்தீவில் இயற்கையாகப் பூனைகள் இல்லாததால், யாரோ படகில் ஏற்றிச் சென்றிருக்க வேண்டும். (எலிக்காக மட்டும்தான் என்று என்னால் நம்ப முடியவில்லை.)

தனித்து வேட்டையாடும் இனத்தில் பிறந்ததால், கூட்டத் தலைவனுக்குக் கீழ்ப்படியும் பழக்கம் அதற்கு இல்லை. கூப்பிட்டும் வராததைத் திமிர் என்பது அநியாயம். வளர்ந்த பூனைகள் தமக்குள் 'மியாவ்' என்பது அரிது. அந்தக் குரலைப் பெரும்பாலும் மனிதரிடம் எதையேனும் கேட்கத்தான் வைத்திருக்கின்றன.